எங்களுக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும்? – மன்னார்க் கரையோரத்தில் இரண்டு நாட்கள்

மன்னார்த் தீவு நீளமானது, ஒடுங்கியது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை வீதியால் போனால் சுமார் 30 கிலோமீற்றர். இடையில் எங்கே நின்றாலும் இரண்டு பக்கமும் கடல் வெகுதூரத்தில் இல்லை. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலில் தொழில் நடக்கும். வாடைக்காற்று வந்தால் நிலைமை மறுபக்கம் திரும்பும். காற்று மாறும்போது வாடிகளும் இடம் மாறும். மீன் இறங்கும் இடம் மாறினால், அதை ஏற்ற வரும் வண்டியும் பாதை மாற வேண்டும்.

அந்த வண்டி யாருடையது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

பேசாலைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் கருவாடு பதப்படுத்தும் 11 பெண்கள் கொண்ட குழுவொன்றுடன் சில வருடங்களாக நான் வேலை செய்து வருகிறேன். இவர்களில் ஏழு பேர் குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துபவர்கள். கணவரை யுத்தத்தில் இழந்தவர்கள் இருக்கிறார்கள், காணாமற்போனவருக்காக இன்னும் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மாதாமாதம் சேமித்த பணமும், ஒரு வாழ்வாதார உதவியும் சேர்ந்து அவர்கள் கையில் ஒரு தொகை இருக்கிறது. அதில் சிறியதொரு பாரவண்டி வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

காரணம் எளிமையானது. கருவாட்டை வாங்க வியாபாரி தன் வண்டியோடு வீட்டு வாசலுக்கு வருகிறார். விலையை அவர் சொல்கிறார். "இண்டைக்கு இதுதான் விலை. வேணுமெண்டா தாங்கோ, இல்லையெண்டா நான் போறன்" என்கிறார். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் யாரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, உற்பத்திச் சாதனம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரமும் இருக்கும் என்று படித்தோம். இங்கே மீனும் பெண்களுடையது, உப்பும் பெண்களுடையது, வெயிலில் நின்ற உழைப்பும் பெண்களுடையது. நான்கு சில்லுகள் மட்டும் வேறொருவருடையவை.

எந்த வண்டி வாங்குவது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மகன் ஒன்று சொல்வான், மச்சான் ஒன்று சொல்வார், விற்பனை நிலையத்தில் உள்ளவர் இன்னொன்று சொல்வார். ஆகவே முதலில் வண்டியின் பெயரை விட்டுவிடுவோம், அது செய்ய வேண்டிய வேலையைப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். ஒரு 'பட்டா' வண்டியையும் அதன் சாரதியையும் இரண்டு நாட்களுக்கு வாடகைக்குப் பிடித்தோம். சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர்தான் இருக்கலாம். பின்தட்டில் ஆட்களை ஏற்றுவது ஆபத்து. எனவே குழுவின் பிரதிநிதிகள் மூவர் மாறி மாறி முன்னால் ஏற, மற்ற இருவரும் நானும் இரண்டு ஸ்கூட்டிகளில் பின்தொடர்ந்தோம். போகுமிடமெல்லாம் பெண்களிடமும் சாரதிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: "அன்றாட வேலைக்கு ஒரு வண்டி என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்?"

தலைமன்னார்: மணல் சொல்லும் பாடம்

தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஒரு காலத்தில் கப்பல் ஓடியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் யுத்தம் வந்து கப்பலும் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. 2015 மார்ச்சில்தான் தலைமன்னார் இறங்குதுறைக்கு மீண்டும் ரயில் வந்தது. அந்த இருபத்தைந்து வருடங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஊரிலிருந்து ஒரு பொருள் வெளியே போவதென்றால் வீதிதான், வண்டிதான். "நான் குமரியா இருக்கேக்க மீன் பெட்டி ரயில்ல போகும். பிறகு எல்லாம் லொறிக்காரர் கையில போயிட்டுது" என்றார் கரையில் வலையிலிருந்து நண்டு தெரிந்துகொண்டிருந்த ஒரு முதிய தாய்.

படகுகள் இழுத்து வைத்திருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னோம். இருபது அடி போவதற்குள் பின்சில்லுகள் மணலில் சுழன்று புதைந்துவிட்டன. இத்தகைய சிறிய வண்டிகளில் இயந்திரத்தின் விசை பின்சில்லுக்குத்தான் போகிறது. பின்தட்டு வெறுமையாக இருக்கும்போது பின்சில்லின் மேல் பாரம் குறைவு, பிடிமானமும் குறைவு. சாரதி அண்ணன் கோபப்படவில்லை. இறங்கி ரயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தார். காற்றுக் குறைந்த ரயர் மணலில் அகலமாகப் பதியும், அதனால் புதைவது குறையும். சில்லுக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, பனைமட்டைகளைப் பரப்பினார். மெதுவாக, சில்லைச் சுழலவிடாமல் எடுத்தார். வண்டி ஏறி வந்தது. "தார் ரோட்டுக்குப் போனவுடன மறக்காமல் காத்தடிக்க வேணும். காத்துக் குறைஞ்ச ரயரோட பாரம் ஏத்தி வேகமா ஓடினால் ரயர் வெடிக்கும்" என்றார்.

நான்கு சில்லுக்கும் விசை போகும் வண்டி வாங்கினால் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதன் விலையும் அதிகம், பாரமும் அதிகம், குடிக்கும் எண்ணெயும் அதிகம். வருடத்தில் எத்தனை நாள் மணலில் இறங்கப் போகிறோம் என்று கணக்குப் பார்த்தோம். இந்தக் குழுவின் கருவாடு வீட்டு முற்றத்திலிருந்து வீதிக்குப் போவது. மணலில் இறங்குவது எப்போதாவதுதான். அதற்கு இறுகிய தரையில் வண்டியை நிறுத்தி, பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றலாம். இரண்டு பனைமட்டையும் ஒரு சிறிய காற்றுப் பம்பும் வண்டியில் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று.

பேசாலை: இடுப்பு உயரமும் உப்புத் தண்ணீரும்

பேசாலைக் கரையில் காலை நேரத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் ஒரு கண்காட்சி போலிருக்கும். மீன் ஏற்றிக் கொழும்புப் பக்கம் பேலியகொடை சந்தைக்குப் போகும் கூலர் லொறிகள், 'கெப்' வண்டிகள், பட்டாக்கள், முச்சக்கர வண்டிகள், உழவு இயந்திரப் பெட்டிகள் எல்லாம் நிற்கும்.

இங்கேதான் எமது பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு வண்டியின் பின்தட்டுக்கும் பக்கத்தில் போய் நின்று, அது தங்கள் உடம்பில் எவ்விடத்துக்கு வருகிறது என்று பார்த்தார்கள். உயரமான கெப் வண்டிகளின் தட்டு சிலருக்கு நெஞ்சு வரை வந்தது. பட்டாவின் தட்டு இடுப்பளவில் நின்றது. "மிஸ், நெஞ்சளவுக்குப் பெட்டியத் தூக்க வேணுமெண்டா ஆம்பிளையள் ரெண்டு பேரைக் கூலிக்குப் பிடிக்க வேணும். இடுப்பளவெண்டா நாங்க ரெண்டு பேர் சேர்ந்து தள்ளிவிடுவம்" என்றார் குழுவின் தலைவி. எந்த விளம்பரத்திலும் வராத கணக்கு இது. தட்டு ஓர் அடி உயர்ந்தால் ஒவ்வொரு பயணத்திலும் கூலி ஒன்று கூடுகிறது. நாரி நோவும் கூடுகிறது. ஷெல் துண்டை உடம்பில் சுமந்துகொண்டு வாழும் ஒருவர் இக்குழுவில் இருக்கிறார். அவரால் தோளுக்கு மேல் கையை உயர்த்த முடியாது. அவருக்கும் ஏற்றக்கூடிய வண்டிதான் குழுவின் வண்டி.

பின்கதவு மட்டுமல்லாமல் பக்கப் பலகைகளும் இறங்கினால் இன்னும் நல்லது. நடுவில் இருக்கும் மூடையை எடுக்கத் தட்டில் ஏறிக் குனிய வேண்டியதில்லை. பலகை இல்லாத இடத்தில் ஒரு மிதிபடி இருந்தால் சேலை கட்டியவருக்கும் ஏறலாம்.

அடுத்தது பாரம். கருவாடு பாரம் குறைந்தது, ஆனால் இடத்தை அடைப்பது. பச்சை மீன் அப்படியல்ல. வெப்பமான எமது நாட்டில் தூரப்பயணத்துக்கு மீனுக்குச் சம அளவு ஐஸ் போட வேண்டும். 750 கிலோ ஏற்றலாம் என்று சொல்லப்படும் வண்டியில் 750 கிலோ மீன் கொண்டுபோக முடியாது. ஐஸும் பெட்டியும் போக மீன் 350 கிலோ அளவில்தான். இதைத் தெரியாமல் மீனை மட்டும் கணக்கிட்டு ஏற்றினால் வண்டியின் வில்லுத்தகடும் பிறேக்கும் பழுதாகும். இக்குழுவுக்குப் பெரும்பாலும் கருவாடு என்பதால், அதிக பாரம் இழுக்கும் வண்டியைவிடத் தட்டு நீளமாக உள்ள வண்டி பொருத்தம்.

மீன் வண்டிக்கு எதிரி உப்புத் தண்ணீர். ஐஸ் கரைந்து மீன் நீரோடு கலந்து தட்டின் மூலைகளில் தேங்கும். அங்கிருந்து இரும்புக்குள் இறங்கும். மேலே பளபளவென்று பெயின்ற் இருக்கும், உள்ளே துருப்பிடித்து உதிரும். இரண்டு வண்டிகளின் கீழே குனிந்து பார்த்தோம். ஒன்றில் சட்டத்தைச் சாவியால் தட்டியபோது துருத் தகடு கையோடு வந்தது. ஆறு வருட வண்டியென்று சொன்னார்கள். பக்கத்தில் நின்ற, அதைவிடப் பழைய வண்டி உறுதியாக இருந்தது. அதன் சொந்தக்காரர் தினமும் பின்னேரம் கிணற்றுத் தண்ணீரால் அடிப்பாகம் வரை கழுவுகிறாராம். தட்டில் தண்ணீர் வடிய நான்கு மூலையிலும் துளை போட்டு, தடித்த றப்பர் விரிப்பு விரித்திருக்கிறார். விரிப்பையும் வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிடுகிறார். நல்ல தண்ணீர் அருமையாகக் கிடைக்கும் தீவில் வண்டிக்கு இரண்டு வாளி ஒதுக்குவது பெரிய விடயம்தான். ஆனாலும் அந்த இரண்டு வாளியில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது.

எருக்கலம்பிட்டி: மழைக்கும் தூரத்துக்கும்

பேசாலையிலிருந்து மன்னார் நகருக்குத் திரும்பும் வழியில் எருக்கலம்பிட்டிக்குப் போனோம். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இத்தீவின் முஸ்லிம் குடும்பங்கள் பல படகேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போயின. அவ்வூர் உம்மா ஒருவர், "ஏத்திக்கொண்டு போறதுக்கு எங்ககிட்ட அப்ப ஒரு வண்டிதான் இல்லையெண்டில்ல, ஏத்த எடுக்கவும் விடல்ல" என்றார். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் வீடும் உறவும் உள்ள குடும்பங்கள் பல.

இவருடைய மருமகள் தைத்த உடுப்புகளையும் வீட்டுப் பாவனைப் பொருட்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். அவர் வண்டியில் கேட்டது வேறு: மேலே மூடி இருக்க வேண்டும், பின்னால் பூட்டு இருக்க வேண்டும், மீன் வாடை இருக்கக்கூடாது. ஆனால் நிரந்தரமாகத் தகரத்தால் அடைத்த கூடு வேண்டாம் என்றார். அலுமாரி போன்ற உயரமான பொருளை ஏற்ற முடியாது, வாடகை ஓட்டமும் குறையும். கழற்றிப் பூட்டக்கூடிய இரும்பு வளைவுகளும் அதற்கு மேல் ஒரு தடித்த தறப்பாளும் போதும்.

தறப்பாள் என்ற சொல்லைக் கேட்டதும் எமது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முகாமில் தறப்பாளுக்குக் கீழே வருடக்கணக்காக இருந்தவர்கள் அவர்கள். "அதை எப்படி இழுத்துக் கட்டுறதெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டாம்" என்றார் ஒருவர். தட்டின் வெளிப்பக்கம் ஓர் அடிக்கு ஒரு கொக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் அவரே கொப்பியில் எழுதச் சொன்னார்.

தாம்போதியும் நகரத்துக் கராஜும்

தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி சுமார் 3 கிலோமீற்றர் நீளமானது. அதிலிருந்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. இப்போதுள்ள புதிய பாலம் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்டு 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டதால் பூநகரி வழியாக யாழ்ப்பாணச் சந்தைக்கும் போகலாம். வவுனியாவுக்குப் போவதானாலும் யாழ்ப்பாணம் போவதானாலும் தாம்போதியைத் தாண்டியே ஆக வேண்டும்.

இங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கும். தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' மின்னிலையத்தின் 30 காற்றாலைகளைப் பார்த்தாலே இந்தக் காற்றின் பலம் விளங்கும். சிறிய வண்டி, ஒடுங்கிய சில்லு, மேலே உயரமான கூடு என்றால் காற்று அதைப் பாய்மரம் போலத் தள்ளும். ஆகவே கூடு சாரதி இருக்கும் பெட்டியின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. பாரமான மூடை கீழே, பாரமற்றது மேலே. இரவில் இன்னொரு தொல்லை மன்னாரின் கழுதைகள். தார் வீதியின் சூட்டுக்கு நடுவீதியில் வந்து நிற்கும். வெளிச்சம் நன்றாக இல்லாத வண்டியில் விடியப்புறம் மூன்று மணிக்குப் புறப்படுவது கழுதைக்கும் ஆபத்து, எமக்கும் ஆபத்து. வண்டி பார்க்கப் போகும்போது பகலில் பார்த்துவிட்டு வராமல், இருட்டியபின் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நகரத்தில் ஒரு கராஜில் நின்றோம். பட்டாவின் கதையை மெக்கானிக் சொன்னார். இது இந்தியாவின் டாட்டா நிறுவனம் 2005இல் வெளியிட்ட 'ஏஸ்' என்ற வண்டி. முதலில் வந்ததற்கு இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீசல் இயந்திரம், 16 குதிரை வலு. முச்சக்கர வண்டியில் பாரம் ஏற்றி அல்லாடியவர்களுக்கு, அதைவிடச் சற்றே பெரிய, நான்கு சில்லு வண்டி ஒன்று வேண்டும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்கிறார்கள். எமது நாட்டில் அதை விற்கும் நிறுவனத்தின் பெயரோடு 'டிமோ பட்டா' ஆயிற்று. சிங்களத்தில் பட்டா என்றால் குள்ளன். இப்போது வேறு கம்பனியின் சிறு வண்டியைக்கூடச் சனங்கள் பட்டா என்றுதான் சொல்கிறார்கள்.

"குதிரை வலுவைக் கேட்காதேங்கோ. பழுதானால் இந்த ஊரில் திருத்த ஏலுமா, சாமான் எத்தினை நாளில வரும் எண்டு கேளுங்கோ" என்றார் அவர். பழைய முறை டீசல் இயந்திரத்தை ஸ்பனரோடு பிரித்துப் பூட்டலாம். கம்பியூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய இயந்திரம் எண்ணெயைச் சிக்கனமாக எரிக்கும், புகையும் குறைவு. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கவே தனிக் கருவி வேண்டும், அசுத்தமான டீசலும் அதற்கு ஆகாது. வண்டி ஒரு கிழமை கராஜில் நின்றால் பதினொரு குடும்பத்தின் கருவாடும் ஒரு கிழமை வீட்டில் நிற்கும். அந்தக் கிழமை பழைய வியாபாரிதான் மீண்டும் வருவார்.

எண்ணெய் செலவையும் மறக்க முடியாது. 2022இல் எண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், பிறகு கியூ.ஆர். குறியீட்டுக்கு அளந்து கொடுத்ததும் எம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அப்போது பெரிய வண்டிகள் நின்றுவிட, குறைவாகக் குடிக்கும் சின்ன வண்டிகளே ஓரளவு ஓடின என்றார் எமது சாரதி.

வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை: இரவில் புறப்படும் வண்டி

இரண்டாம் நாள் தாம்போதியைத் தாண்டித் தெற்கே போனோம். வங்காலைச் சதுப்பு நிலத்தில் பறவைகள், பிறகு நானாட்டான் பக்கத்து வயல்கள், அருவி ஆறு கடலில் சேரும் அரிப்பு. அரிப்புக் கரையில் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை இடிந்து கடலை நோக்கி நிற்கிறது. இருநூறு வருடத்துக்கு மேலாயிற்று. கடலுக்குள் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர்கள் இக்கடலின் தொழிலாளர்கள். முத்தை ஏற்றிப் போனவர்கள் வேறு யாரோ.

முசலிப் பிரதேச மக்கள் 2007இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, பின்னர் கட்டம் கட்டமாகத் திரும்பியவர்கள். சிலாவத்துறைக்கு அப்பால் உள்ளே போகப் போக கிரவல் பாதைகள். மழை பெய்தால் குழி தெரியாது. இங்கே தாழ்ந்த வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடித்தது. தட்டு இடுப்பளவில் தாழ்ந்திருக்க வேண்டும், ஆனால் அடிப்பாகம் நிலத்திலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான ஆசைகள்தான். எமது குழுவின் பாதை தார் வீதி என்பதால் தட்டின் உயரத்தைப் பார்க்கலாம். இங்குள்ள பெண்கள் வாங்குவதானால் அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓர் ஊருக்கு நல்ல வண்டி இன்னோர் ஊருக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

இக்கிராமத்துப் பெண்களிடம் எமது கேள்வியைக் கேட்டபோது வந்த முதல் பதில் பாரத்தைப் பற்றியதல்ல. "இரவில ஸ்ராட் வரவேணும்" என்றார் ஒரு தாய். பாம்பு கடித்தாலும், பிள்ளைப்பேற்று வலி வந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போக ஊரில் யாருடைய வண்டி நிற்கிறது என்று ஓடித் திரிந்தவர்கள் அவர்கள். எனவே பற்றறி நன்றாக இருக்க வேண்டும். உப்புக்காற்றில் அதன் முனைகளில் வெண்பூப் பூக்கும். துடைத்துச் சிறிது கிறீஸ் பூசி வைத்தால் நடுச்சாமத்தில் கைவிடாது. முன்னால் சாய்ந்திருக்கக்கூடிய ஓர் இருக்கை, உள்ளே எரியும் ஒரு சின்ன விளக்கு, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு ஆகியவற்றையும் அவர்கள் சேர்த்தார்கள். இரவில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால் நெஞ்சு திடுக்கிட்ட காலத்தை எமது பெண்கள் இன்னும் மறக்கவில்லை. வாசலில் நிற்பது தங்களுடைய வண்டி என்றால் அது வேறு உணர்வு.

யார் ஓட்டுவது?

இரண்டு நாளும் எல்லோரும் தவிர்த்துக்கொண்டு வந்த கேள்வி இது. சாரதிக்குச் சம்பளம் கொடுத்தால் ஆதாயத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடும். திரும்பும் வழியில் உயிலங்குளத்துக்கருகில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, எங்களோடு வந்த மூவரில் மிகக் குறைவாகப் பேசும் அக்கா எழுந்து போய்ச் சாரதி இருக்கையில் ஏறி இருந்தார். கால் மிதிகளை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்தார். "இது எனக்குக் கால் எட்டுது. அந்த வெள்ளைக் கெப்பில எட்டாது" என்றார். வன்னியில் இருந்த காலத்தில் இதைவிடப் பெரிய வண்டி ஓட்டியிருக்கிறாராம். எப்படி, எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அக்குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறார், இப்படி ஒரு திறமை அவரிடம் இருப்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

தமக்குத் தெரிந்த தொழிலைச் சொல்லப் பயந்து வாழும் பெண்கள் எம்மிடையே எத்தனை பேர்! அவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. முறைப்படி விண்ணப்பித்து, மருத்துவச் சான்றிதழ் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் முடிக்க வேண்டும். அதற்கான செலவைக் குழு ஏற்பதென்று அந்தத் தேநீர்க் கடையிலேயே பேசி முடித்தார்கள். சாரதி இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த முடிய வேண்டும் என்பது எமது கொப்பியில் முதலாவது இடத்துக்கு வந்தது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கொப்பியில் எழுதியவற்றோடு பணமும் பத்திரமும் தொடர்பான சிலவற்றையும் சேர்த்துத் தருகிறேன். எந்த ஊரிலும் உதவும்.

1. வண்டியை ஓட்டப்போகும் பெண்ணும், பாரம் ஏற்றப்போகும் பெண்களும் நேரில் போய் ஏறி இருந்து, தூக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்களுக்காக வேறொருவர் பார்த்துவிட்டு வருவது போதாது.

2. பழைய வண்டியென்றால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரோடு போங்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். டோர்ச் விளக்கோடு அடிப்பாகத்தைப் பாருங்கள். புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்றைக் கண்டால் அதற்குக் கீழே என்ன என்று கேளுங்கள்.

3. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் பழைய வண்டிகளின் விலை மிகவும் ஏறியிருந்தது. ஆகவே ஒரே இடத்தில் கேட்டு நிற்காமல் நாலு இடத்தில் விலை விசாரியுங்கள்.

4. லீசிங்கில் எடுத்தால், தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயரே இருக்கும். தவணை தவறினால் வண்டியை எடுத்துப் போவார்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தாமதக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே கட்டி முடிக்கலாமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள்.

5. தவணையை நல்ல மாதத்து வருமானத்தில் கணக்கிடாதீர்கள். மழை பெய்து கருவாடு காயாத மாதத்து வருமானத்தில் கணக்கிடுங்கள். அம்மாதத்திலும் கட்ட முடியுமென்றால் மட்டும் எடுங்கள்.

6. காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வாகன வருமான அனுமதிப்பத்திரம், லொறி வகைக்குரிய தகுதிச் சான்றிதழ் ஆகியவை வருடாந்தம் வரும் செலவுகள். ரயரும் பற்றறியும் சில வருடத்துக்கு ஒருமுறை வரும். இவற்றுக்காக ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தொகையை எடுத்துத் தனியாகப் போட்டு வையுங்கள்.

7. குழுவாக வாங்கினால், யார் பெயரில் பதிவு, யார் எப்போது பாவிப்பது, பழுதானால் யார் பொறுப்பு, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன என்பதையெல்லாம் வண்டி வருமுன்பே எழுதிக் கையெழுத்து வையுங்கள். வண்டி வந்தபிறகு எழுதப் போனால் சண்டைதான் வரும்.

8. வண்டிக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். திகதி, எங்கே போனது, எத்தனை கிலோமீற்றர், எண்ணெய் எவ்வளவு, வரவு எவ்வளவு. எண்ணெய் செலவு திடீரென்று கூடினால் பழுது ஒன்று வரப்போகிறது என்று அந்தக் கொப்பி முன்கூட்டியே சொல்லும்.

இக்குழு இன்னும் வண்டி வாங்கவில்லை. கையிலுள்ள பணத்துக்குப் புது வண்டி கட்டுப்படியாகாது. இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்து, ஒன்றைத் துருவுக்காகவும் மற்றதைப் பத்திரம் சரியில்லாததற்காகவும் விட்டுவிட்டார்கள். அதுவரை, மாதத்தில் இரண்டு தடவை எல்லோருடைய கருவாட்டையும் சேர்த்து, வாடகை வண்டியில் நேரடியாக வவுனியாவுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். வாடகை போகவும் வீட்டு வாசலில் கிடைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. வியாபாரி இப்போது விலையைச் சொல்வதற்குமுன், "அங்க என்ன விலைக்குப் போகுது?" என்று இவர்களிடம் கேட்கிறாராம்.

உங்கள் ஊரிலும் சேர்ந்து ஒரு வண்டி எடுக்கும் எண்ணம் இருந்தால், முதலில் இரண்டு மாதம் இப்படி வாடகைக்குப் பிடித்து ஓடிப் பாருங்கள். எந்தப் பாதை, எவ்வளவு பாரம், என்ன செலவு என்பது அந்த இரண்டு மாதக் கொப்பியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள்.